மறைத்து உண்பதும் மறையாது உரைப்பதும்



பொழுது சாயுமுன் உலையிறக்கி, நீரை வடிகட்டிப் பருகி, தேனையும் இயன்றவரை கந்தமூலங்களையும் விலக்கி, அட்டமி சதுர்த்தசிகளில் உபவாசமோ ஏகபுக்தமோ காத்துவரும் இல்லங்கள் நம்முடையவை. உணவில் இத்துணைக் கட்டுப்பாடுடைய சமுதாயத்தில், உணவே நோயாகி ஒருவரை ஆட்டிப்படைக்கக் கூடுமோ என்று வினவினால் நம்முள் பெரும்பாலோர் நகைப்பர். சில ஆண்டுகளுக்கு முன்வரை நாமும் நகைத்திருப்போம்.

தசலக்ஷண பருவத்தில் தொடர்ந்து உபவாசம் இருந்த ஓர் அம்மையாரை ஜினாலயத்தில் அனைவர் முன்னிலையிலும் நிறுத்திப் பொன்னாடை போர்த்திப் பாராட்டினோம். 'தபஸ்வினி' என்று மேடையில் விளித்தோம். அப்பாராட்டுரையை நிகழ்த்தியதும் நாமே. ஓராண்டு கழிந்தபின் அவ்வம்மையார் தம் கணவருடன் நம் இல்லம் வந்தார். கணவரைத் திண்ணையில் அமரச் செய்துவிட்டுத் தாம் மட்டும் உள்ளே வந்து, "ஐயா, இந்தப் பொன்னாடையைத் திருப்பிக் கொடுக்க வந்திருக்கிறேன்" என்றார்.

பின்னர் அவர் கூறியவற்றைப் பெயரும் ஊரும் குறியாமல் எழுத அவரே இசைந்துள்ளார். உபவாசத்திற்கு முதல்நாள் இரவும், பாரணை முடிந்த அன்றிரவும், வீடு உறங்கிய பின்னர் அவர் உக்கிராண அறைக்குள் செல்வார். விளக்கு ஏற்றுவதில்லை. எள்ளுருண்டை, முறுக்கு, விருந்தினருக்கென எடுத்துவைத்த அதிரசம் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் உண்பார். அவை தீர்ந்தால் வெறும் அவலும் வெல்லமும். சுவைக்காகவும் அன்று, பசிக்காகவும் அன்று. வயிறு வலித்த பின்னும் கை நிற்பதில்லை. டப்பாவின் அடியில் செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து மேலே நான்கு முறுக்குகளை அடுக்கிவிட்டு, மறுநாள் கடையில் வாங்கி நிரப்பிவிடுவாராம். இவ்வாறு பதினெட்டு ஆண்டுகள். இராப்போசனத் தியாகம் மேற்கொண்டவர் அவர் என்பதை நினைவிற் கொண்டால், அவ்விரவுகளில் அவர் உள்ளம் பட்ட பாட்டை ஊகிக்கலாம்.

"வினை உதிர வேண்டும் என்று உபவாசம் இருக்கவில்லை ஐயா. முந்தின ராத்திரி தின்றதை அழிக்கத்தான் இருந்தேன். நீங்கள் எல்லோரும் கை தட்டினீர்கள்" என்றார்.

நமக்கு மறுமொழி தோன்றவில்லை. சற்றுப் பொறுத்துத் தோன்றிய மறுமொழியும் தவறானதாகவே அமைந்தது. "இன்று முதல் வாணாள் முழுதும் இரவில் ஒரு பருக்கையும் தொடேன் என்று பகவான் சந்நிதியில் சங்கற்பம் செய்யுங்கள் அம்மா" என்று கூறி அனுப்பினோம். எட்டாம் நாள் அது முறிந்தது. முன்னம் இருந்த குற்ற உணர்வோடு, சந்நிதியில் உரைத்த சொல்லை மீறிய குற்ற உணர்வும் சேர்ந்தது. அறிவுரை கூறுவோர் அளிக்கும் பரிசு சிலவேளை இத்தகையது.

நம் நூல்கள் இப்பொருளை அறியாதவை அல்ல. பத்தாம் நூற்றாண்டினரான நேமிசந்திர சித்தாந்த சக்கரவர்த்தியின் கோம்மடசாரம், ஜீவகாண்டத்தில், ஆகார சம்ஞை எழுவதற்குரிய காரணங்களை நான்காக வகுத்துரைக்கிறது. உணவைக் காண்பது, உணவை நினைப்பது, வயிறு வெறுமையாவது, அசாதா வேதனீய கர்மம் உதீரணை அடைவது ஆகியன அவை. இந்நான்கில் வெற்று வயிறு ஒன்றே ஒன்று. ஏனைய மூன்றும் வயிறு நிறைந்திருக்கும்போதும் எழக்கூடியவை. பசித்தவனே உண்பான், உண்டவன் நிறுத்துவான் என்று நாம் எளிதாக எண்ணிக்கொள்வது ஆகமத்தின் கருத்தன்று.

மருத்துவ நூலாரும் காலந்தாழ்த்தியே எனினும் இதனை ஏற்றுள்ளனர். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் வெளியிட்ட நோய் வகைப்பாட்டு நூலின் ஐந்தாம் பதிப்பில், கட்டுக்கடங்காது உண்ணுதல் தனியொரு நோயாக இடம்பெற்றது. குறுகிய பொழுதில் பிறர் உண்ணும் அளவினும் மிகுதியாக உண்பது, நிறுத்த இயலாமை, வயிறு நோகுமட்டும் உண்பது, பசியின்றியும் உண்பது, நாணத்தால் தனித்து உண்பது, உண்டபின் தன்னையே வெறுப்பது என்பன அதன் அடையாளங்கள். இதனோடு ஒட்டிய மற்றொரு நோயில், மிகையாக உண்டதற்கு ஈடுசெய்யும் பொருட்டு வாந்தியெடுப்பதும் உபவாசம் இருப்பதும் அடையாளங்களாகக் குறிக்கப்பட்டுள்ளன. இதனைப் படித்த அன்று, நாம் நிகழ்த்திய பாராட்டுரை நம் செவியில் மீண்டும் ஒலித்தது.

உபவாசம் குற்றமுடையது என்று இதனாற் கொள்ளலாகாது. புறத்தவம் ஆறனுள் முதலாவது அது. எனினும் விரதி என்பவன் சல்லியம் மூன்றும் அற்றவனாக இருத்தல் வேண்டும் என்று தத்துவார்த்த சூத்திரம் ஏழாம் அத்தியாயத்தில் நிபந்தனை விதிக்கிறது. மாயை, மித்தியாத்துவம், நிதானம் என்னும் அம்மூன்று முட்களில் மாயையாவது உள்ளொன்றும் புறமொன்றுமாக ஒழுகுவது. காலில் முள் தைத்தவனை இன்னும் விரைந்து நட என்று ஊக்குவதில் பயனில்லை. முதலில் முள்ளை எடுக்க வேண்டும். முறுக்கு டப்பாவின் அடியில் திணித்த செய்தித்தாளே அம்முள்.

அதனை எடுக்கும் வழி அவ்வம்மையாருக்கு நம்மாற் கிட்டியதன்று. அமெரிக்காவில் பணிபுரியும் அவருடைய மகள் ஒருநாள் தொலைபேசியில், "அம்மா, எனக்கும் இது இருக்கிறது" என்று அழுதிருக்கிறாள். தாயின் மறைவொழுக்கத்தை மகள் அறிந்திருந்தாளா என்பதைத் தாய் இன்றுவரை கேட்கவில்லை. மகள் ஒரு தொலைபேசி எண்ணையும், அழைத்தபின் அழுத்த வேண்டிய குறியீட்டெண்ணையும் தந்தாள். 'ஓவர் ஈட்டர்ஸ் அனானிமஸ்' என்னும் அமைப்பின் தொலைபேசிக் கூட்டத்திற்கான எண் அது. பெயர் வெளியிடாத மிகையுண்போர் என்பது அதன் பொருள்.

இவ்வமைப்பின் முன்வரலாற்றில் ஒரு தொலைபேசியே இடம்பெற்றுள்ளது என்பது சிந்திக்கத்தக்கது. 1935-ஆம் ஆண்டு மே மாதம், அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்து ஆக்ரன் நகரில் ஒரு விடுதியின் முன்கூடத்தில் பில் வில்சன் என்பவர் நின்றுகொண்டிருந்தார். சில மாதங்களாகக் குடியை விட்டிருந்தவர். வந்த வணிகக் காரியம் தோல்வியுற்றது. ஒருபுறம் மதுக்கூடம், மறுபுறம் தொலைபேசி. தம்மைப் போன்ற மற்றொரு குடிநோயாளியுடன் பேசினாலன்றித் தாம் தப்ப முடியாது என்று உணர்ந்த அவர், தேவாலயங்களின் எண்களைப் பார்த்து அழைக்கலானார். ஒருவர் மற்றொருவரைக் காட்ட, இறுதியில் மருத்துவர் ராபர்ட் ஸ்மித் என்னும் குடிநோயாளியிடம் சென்று சேர்ந்தார். கால்மணி நேரம் மட்டும் இருப்பேன் என்று வந்த மருத்துவர் பல மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார். பில் வில்சன் அவருக்கு உபதேசம் செய்யவில்லை. தம் கதையைக் கூறினார். அச்சந்திப்பிலிருந்து பிறந்ததே 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்'. அதன் பன்னிரு படிகளைப் பின்பற்றி, 1960-ஆம் ஆண்டு ஜனவரியில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் மூன்று பெண்கள் கூடி, உணவினால் அல்லலுறுவோர்க்கென இவ்வமைப்பைத் தொடங்கினர்.

அங்கு நடப்பது யாதெனில், பெரிதாக எதுவும் இல்லை. குறித்த நேரத்தில் எண்ணை அழைத்துக் கேட்கலாம். கணினியிலோ கைப்பேசியிலோ ஜூம் வழியாகவும் சேரலாம். முகத்தைக் காட்ட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஒருவர் கூட்டத்தை நடத்துவார். சில பக்கங்கள் வாசிக்கப்படும். பின்னர் ஒவ்வொருவராக மூன்று நிமிடமோ சற்றுக் கூடுதலாகவோ தம் அனுபவத்தைக் கூறுவர். தம் முதற்பெயரை மட்டுமே சொல்வது வழக்கம். ஒருவர் பேசியதற்கு மற்றவர் மறுப்போ அறிவுரையோ கூறுதல் கூடாது. கேட்டது அவ்விடத்தைவிட்டு வெளியே செல்லலாகாது. கட்டணம் இல்லை, விரும்புவோர் இயன்றதைத் தரலாம். கட்டுமீறி உண்பதை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் ஒன்றே உறுப்பினராதற்குரிய தகுதி. எடை எவ்வளவு என்று எவரும் கேட்பதில்லை. புதியவர் வாய் திறவாமல் மாதக்கணக்கில் கேட்டுக்கொண்டிருப்பினும் குற்றமில்லை.

நியூயார்க்கில் இரவு எட்டு மணிக்கு நடக்கும் கூட்டம் நமக்கு மறுநாள் காலை ஐந்தரை மணியாகிறது; அவர்களுக்குக் குளிர்காலமாயின் ஆறரை. சாமாயிகத்திற்கு எழும் பொழுதில் அவ்வம்மையார் மொட்டைமாடிக்குச் சென்று காதில் ஒலிவாங்கியை மாட்டிக்கொண்டு கேட்கலானார். கூட்டங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடப்பவை. அவர் பயின்றது பள்ளி ஆங்கிலமே. முதல் வாரத்தில் பாதி விளங்கவில்லை. ஆறாம் நாளோ ஏழாம் நாளோ, முன்பின் அறியாத ஒரு முதியவர், தம் மனைவி உறங்கியபின் குளிர்பெட்டியின் வெளிச்சத்தில் நின்று உண்டதையும், காலியான டப்பாவைக் குப்பைத் தொட்டியின் அடியில் புதைத்ததையும் கூறினார். அது மட்டும் சொல்லுக்குச் சொல் விளங்கியது. "யாரோ நம் உக்கிராண அறைக்குள் எட்டிப்பார்த்தது போல இருந்தது ஐயா. ஆனால் திட்டவில்லை" என்றார் அம்மையார். நான்கு மாதம் கழித்தே அவர் பேசினார். பேசியது மூன்று வாக்கியம்.

இனி நம் வாசகர் உள்ளத்தில் எழக்கூடிய ஐயங்களுக்கு வருவோம். அவை எளியவை அல்ல.

முதலாவது, கடவுளைப் பற்றியது. அவ்வமைப்பின் பன்னிரு படிகளில் தம்மினும் உயர்ந்த ஒரு சக்தியும், அவரவர் புரிந்துகொண்டவாறான கடவுளும் பேசப்படுகின்றன. நம் குறைகளை நீக்குமாறு அவரை வேண்டுவதும் ஒரு படி. படைத்துக் காத்து அழிக்கும் கடவுளையோ, ஒருவன் வினையை மற்றொருவர் நீக்குதலையோ ஏற்காத நாம் இதனை என்செய்வது? பிறந்த சூழலால் அப்படிகள் கிறித்தவச் சாயல் உடையவை என்பதை மறைக்க வேண்டுவதில்லை. எதையும் 'நம்மிடம் முன்பே உள்ளது' என்று கூறி மார்தட்டும் வழக்கம் நம் மேடைகளில் உண்டு. அதுவும் இங்கு வேண்டா. ஆயினும் 'அவரவர் புரிந்துகொண்டவாறு' என்ற தொடரை அவர்கள் வாயளவில் வைக்கவில்லை. கடவுள் நம்பிக்கையே அற்றோரும் அங்கு உள்ளனர். அருகர், சித்தர், சாதுக்கள், கேவலி அருளிய தர்மம் என்னும் நான்கு சரணங்களை நாம் நாள்தோறும் புகுகின்றோம். புகுவது வரம் கேட்பதற்காக அன்று. 'என் மனம் என் வசம் இல்லை, இந்நெறி என்னைச் செலுத்துக' என்று அகந்தையைக் கீழே வைப்பதற்காக. அவ்வம்மையார் அவ்வாறே கொண்டார். வேண்டுதல் வாசிக்கப்படும்போது அவர் மனத்துள் பஞ்ச நமஸ்காரம் சொல்லிக்கொள்கிறார். அங்கு யாரும் தடை கூறவில்லை. குறைநீக்க வேண்டும் படியை அவர் தமக்குரியதாகக் கொள்ளவில்லை. அதையும் யாரும் கேட்கவில்லை.

இரண்டாவது ஐயத்தை எழுப்பியவர் சாத்திரம் பயின்ற நண்பர் ஒருவர். அதற்கு உடனே விடை கூற நம்மால் இயலவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறோம். பிராயச்சித்தத்தின் முதற்கூறு ஆலோசனை. தன் பிழையைக் குருவிடம் ஒளியாமல் உரைப்பது அது. அதற்குப் பத்துக் குற்றங்கள் கூறப்பட்டுள்ளன. இரக்கத்தைப் பெறும் நோக்கோடு உரைப்பது, பிறர் கண்ட பிழையை மட்டும் உரைத்துக் காணாததை விடுவது, பெரியதை மறைத்துச் சிறியதை உரைப்பது, இரைச்சலின் நடுவே காதில் விழாதவாறு உரைப்பது முதலியன. அவற்றுள் இறுதியானது தத்சேவி. தான் செய்த அதே பிழையைச் செய்பவரிடம் சென்று உரைப்பது. "மிகையுண்போர் மிகையுண்போரிடம் கூறுவது அதே தோஷமன்றோ?" என்று வினவினார் நண்பர்.

பலநாள் எண்ணிப் பார்த்தோம். தத்சேவி ஏன் குற்றமாயிற்று? 'இவரும் என்னைப் போன்றவரே, ஆதலால் கடிந்துகொள்ளார், சிறிய பிராயச்சித்தமே தருவார்' என்ற உள்நோக்கம் அதில் உண்டு. பிழையில் துணை தேடுவது அது. கூட்டத்தில் கேட்போர் எவரும் பிராயச்சித்தம் விதிப்பதில்லை; விதிக்கும் உரிமை தமக்கு உண்டென்று கருதுவதும் இல்லை. ஆகவே குருவிடம் செய்யும் ஆலோசனைக்கு இக்கூட்டம் மாற்றாகாது. மாற்றாகக் கொண்டால் நண்பர் கூறிய தோஷம் வந்தே தீரும். எனில் அங்கு நடப்பதற்கு நம் நெறியில் பெயர் இல்லையா? உண்டு என்றே கருதுகிறோம். அதன் பெயர் ஸ்திதிகரணம்.

நற்காட்சியின் எட்டு அங்கங்களை ரத்னகரண்டக சிராவகாசாரமும் தமிழில் அருங்கலச்செப்பும் எடுத்தோதுகின்றன. ஒழுக்கத்தினின்று வழுவுவோரை மீண்டும் நிலைநிறுத்தும் ஸ்திதிகரணம் அவற்றுள் ஒன்று. அதற்கு எடுத்துக்காட்டாகக் கூறப்படுபவர் வாரிஷேணர். ராஜக்ருஹத்து மன்னன் சிரேணிகனின் மைந்தர். அவரைப் பின்பற்றித் துறவு பூண்ட நண்பர் புஷ்படாலர் பன்னிரண்டு ஆண்டுகள் முனிவேடத்தில் இருந்தும் உள்ளத்தில் விட்டுவந்த மனைவியையே நினைத்திருந்தார். ஊர் திரும்ப அவர் புறப்பட்டபோது வாரிஷேணர் சினந்தாரில்லை. நியமம் ஒன்றைக் கூட்டி விதித்தாரில்லை. தாமும் உடன் சென்றார். நேரே அரண்மனைக்கு அழைத்துச் சென்று, தாம் துறந்த தேவியரை அணிகலன்களோடு வரச்செய்து, 'இச்செல்வமும் இவர்களும் உனக்கு வேண்டுமாயின் ஏற்றுக்கொள்' என்ற பொருள்பட உரைத்தார். புஷ்படாலர் நாணி, மெய்யாகவே அன்று துறவியானார்.

வாரிஷேணர் காட்டியது தாம் துறந்ததை. அதே பற்று தமக்கும் இருந்திருக்கும் இடத்திலிருந்து அவர் பேசினார். அப்பற்றில் உழன்றுகொண்டே பேசவில்லை. கூட்டத்தில் நெடுநாள் தெளிவு பெற்ற ஒருவர் புதியவருக்கு வழித்துணையாக அமைவதுண்டு. அன்றன்று உண்ணக் கருதியதை அவரிடம் தொலைபேசியில் கூறுவர்; கை டப்பாவை நோக்கிச் செல்லும் வேளையிலும் அவரை அழைப்பர். அவர் ஒருகாலத்தில் அதே டப்பாவின் முன் நின்றவர். தத்சேவிக்கும் ஸ்திதிகரணத்திற்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் உள்ளது என்று நண்பரிடம் கூறினோம். அவர் முழுதும் ஏற்கவில்லை. "அப்படியானால் இன்னும் வழுக்கிக்கொண்டிருப்பவர்களும் அங்கே பேசுகிறார்களே" என்றார். உண்மை. பேசுகிறார்கள். அவர்கள் பேசுவது தாங்குவோரைத் தேடி. வழித்துணையாகக் கொள்ளத்தக்கவரை ஆராய்ந்து கொள்ளும் பொறுப்பு கேட்பவரைச் சார்ந்தது.

மூன்றாவது ஐயம் குடும்ப மானத்தைப் பற்றியது. நம் இல்லங்களில் இதுவே முதலாவதாக எழும். "வீட்டு விஷயத்தை முன்பின் தெரியாதவர்களிடம் சொல்வதா? வெளியே தெரிந்தால் பெண்ணுக்கு வரன் அமையுமா?" என்று அம்மையாரின் மாமியார் கேட்டாராம். பிறர் குறையை மறைத்தல் நமக்கு விதிக்கப்பட்ட அங்கமே. உபகூஹனம் என்பது அதன் பெயர். தாம்ரலிப்தி நகரத்து வணிகர் ஜினேந்திர பக்தர் கதையை அறிவீர்கள். பார்சுவநாதர் திருவுருவின் முக்குடையில் பதித்திருந்த வைடூரியத்தை, க்ஷுல்லக வேடத்தில் வந்து தங்கிய திருடன் கவர்ந்து ஓடினான். காவலர் துரத்திப் பிடிக்க, வணிகர் தம் கூற்றால் அவன் மானத்தைக் காத்தார். நான் கொண்டுவரச் சொன்னதையே இவர் கொண்டுவந்தார் என்றார். கதையை இங்கேயே நிறுத்திவிடுவோர் பலர். அதன் பின்னும் ஒன்று உண்டு. காவலர் அகன்றபின் அவனைத் தனியே கடிந்து அனுப்பிவிட்டார். ஊரறிய மறைத்தார், அவனறியக் கூறினார். வீட்டார் மறைக்கும் முறையில் அவ்விரண்டாம் பகுதி இல்லை. ஊருக்கும் தெரியாது, உரியவரிடமும் பேச்சில்லை. டப்பா மட்டும் நிரம்பிக் குறைந்துகொண்டிருக்கும். அது உபகூஹனமன்று. அங்கு காக்கப்படுவது நம் மானம், அவருடையதன்று.

பெயரறியாக் கூட்டமோ அம்முறையின் இரு பகுதிகளையும் செய்கிறது. முகவரி இல்லை, குலம் இல்லை, ஊர் இல்லை. ஆயினும் நடந்தது நடந்தபடி உரைக்கப்படுகிறது. ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பாலுள்ள குரல் என்பதே நாணத்தைப் போக்குகிறது. உள்ளூரில் நேருக்கு நேர் நடக்கும் கூட்டமாயின் அவ்வம்மையார் படியேறியிருக்க மாட்டார் என்று அவரே கூறுகிறார்.

வாணாள் விரதம் எட்டு நாளில் முறிந்ததே, அதனைப் பற்றியும் கூற வேண்டும். இயமம், நியமம் என்று ரத்னகரண்டகம் தியாகத்தை இருவகைப்படுத்துகிறது. ஆயுள் முழுமைக்குமானது இயமம். கால எல்லை வகுத்தது நியமம். ஒரு நாள், ஓர் இரவு என்று எல்லை வைத்துக்கொள்ளலாம் என்பது நூல் தந்த சலுகை. அந்தக் கூட்டத்தாரும் 'இன்று ஒருநாள் மட்டும்' என்றே கொள்கின்றனர். குடிநோயாளி குடியை முற்றிலும் விட்டுவிடலாம். உண்பதை அவ்வாறு விட இயலாது. நாள்தோறும் மும்முறை அதே எதிரியுடன் பந்தியில் அமர வேண்டும். ஆதலால் எதை விலக்குவது, எவ்வேளை உண்பது என்பதை ஒவ்வொருவரும் தமக்கேற்ப வகுத்துக்கொள்கின்றனர். அவ்வமைப்பு எவ்வித உணவுத் திட்டத்தையும் விதிப்பதில்லை. மருத்துவரையும் உணவியல் வல்லுநரையும் கலந்துகொள்ளுமாறே கூறுகிறது. வாந்தியெடுக்கும் வழக்கமுடையோர், நீரிழிவுடையோர், வாழ்வையே வெறுத்துப் பேசுவோர் இவர்களை மருத்துவரிடம் அழைத்துச் செல்வது முதற்கடமை. கூட்டம் அதற்கு ஈடாகாது.

நம் அம்மையார் வகுத்துக்கொண்டது பொழுதோடு மூன்று வேளை உணவு, அவற்றின் நடுவே ஒன்றும் இல்லை. உபவாசமும் ஏகபுக்தமும் இப்போதைக்கு இல்லை. ஆண்களுக்கு முப்பத்திரண்டு, பெண்களுக்கு இருபத்தெட்டு என்று கவளங்களை எண்ணி, அதனினும் குறைத்து உண்ணும் அவமோதரியமும் புறத்தவங்களுள் ஒன்று. அதனை மேற்கொள்ளட்டுமா என்று ஒருமுறை கேட்டார். எண்ணுவதே அவருக்கு மீண்டும் ஒரு பிடியாகிவிடும் என்று அஞ்சி, வேண்டா என்றோம். இவ்வொருமுறை நம் அறிவுரை தவறவில்லை. முனிவர்கள் நின்றவண்ணம் கையில் ஏற்று ஒருபொழுது உண்பது உடலை வெறுத்து அன்று. ஆகாரத்தை அதற்குரிய இடத்தில் வைத்து. மூன்று வேளை அமர்ந்து, விளக்கின் கீழ், பிறர் காண உண்பதே அவ்வம்மையாருக்கு அந்த இடம்.

இல்லத்தார் செய்யத்தக்கது அதிகமில்லை. செய்யாது விடத்தக்கதே அதிகம். டப்பாக்களைப் பூட்டி வைத்தல், உண்ணும்போது இலையை நோட்டமிடல், விருந்தில் "இன்னும் கொஞ்சம்" என்று வற்புறுத்திவிட்டு மறுநாள் "பருத்துவிட்டாயே" என்று நகைத்தல் ஆகிய இவற்றை விட்டால் போதும். காலை ஐந்தரை மணிக்கு ஒருவர் மாடிக்குச் சென்றால் யாருடன் பேசுகிறாய் என்று கேளாதிருப்பதும் ஓர் உதவி. அவர் கணவர் முதலில் ஐயுற்றார். பின்னர் மாடியில் ஒரு நாற்காலியை மட்டும் கொண்டுபோய் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் இறங்கிவிட்டாராம். உயிர்கள் ஒன்றுக்கொன்று உபகாரமாய் அமைவதே அவற்றின் இயல்பு என்று தத்துவார்த்த சூத்திரம் ஐந்தாம் அத்தியாயத்தில் வரும் கருத்தை நாம் எத்தனையோ முறை மேடையில் விரித்துரைத்திருக்கிறோம். அந்த நாற்காலியளவு அதனை நன்கு விரித்துரைத்தோமா என்பது ஐயமே.

அவர் முற்றும் குணமடைந்தார் என்று எழுத அவரே விடவில்லை. சென்ற ஆண்டில் இருமுறை உக்கிராண அறைக்குள் சென்றுவிட்டதாகக் கூறினார். முன்பெல்லாம் அதற்கு மறுநாள் உபவாசம்; இப்போது மறுநாள் காலைக் கூட்டத்தில் அதனைக் கூறிவிட்டு, வழக்கம்போல் காலை உணவு உண்டாராம்.

இவ்வாண்டுத் தசலக்ஷண பருவத்திற்கு முன் எம் ஜினாலயத்துக் குழுவினரிடம் ஒரு வேண்டுகோள் வைத்தோம். உபவாசம் இருப்போர் பெயர்களை ஒலிபெருக்கியில் அறிவிப்பதும், எண்ணிக்கையின்படி பொன்னாடை போர்த்துவதும் நிறுத்தப்பட வேண்டும் என்பது அது. இளைஞர் ஊக்கம் குன்றும் என்று இருவர் மறுத்தனர். விவாதம் நீண்டது. பெயர் அறிவிப்பு மட்டும் இவ்வாண்டு விடப்பட்டது.

அம்மையார் பத்து நாட்களும் பூஜைக்கு வந்தார். நாள்தோறும் வீட்டில் உண்டுவிட்டே வந்தார். அவர் திருப்பித் தந்த பொன்னாடை எம் அலமாரியில் இருக்கிறது. பருவம் முடிந்ததும் அதனை என்செய்வது என்று கேட்டோம். "அங்கேயே இருக்கட்டும் ஐயா. யாராவது சமைத்துப் போட்டே தேய்ந்தவர்கள் இருந்தால் அவர்களுக்குப் போர்த்துங்கள்" என்று கூறிவிட்டு, பொழுது சாய்வதைப் பார்த்து, வீட்டில் உணவு முடிக்க வேண்டும் என்று விரைந்து புறப்பட்டார்.